காய்வதற்குள் ஒரு சுவர்

திருவதிகை மேஸ்திரி ரோலரோடு ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்துவார். பிறகு வெயில் விழுகிற பக்கத்துச் சன்னலைச் சாத்துவார். பங்குனி மாதத்துப் பண்ருட்டி வெக்கையில் வீட்டுக்காரருக்கு இது விளங்காது. "ஏன் மேஸ்திரி, காத்து வந்தா சீக்கிரம் காயுமே?" என்று கேட்பார். "அதுக்குத்தான் சார் நிறுத்துறன்" என்று பதில் வரும். ஒரு சுவர் முழுக்க அடித்து முடித்த பிறகு, "இப்ப போட்டுக்குங்க" என்று அவரே சொல்லுவார்.

ரோலர் என்றால் வேகம், பிரஷ் என்றால் நிதானம் என்று பொதுவாக நினைக்கிறார்கள். மேஸ்திரியின் கணக்கு வேறு. பெயிண்ட் தன் வேகத்தில் காய்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு ஈடுகொடுக்கத்தான் ரோலர். எமல்ஷனில் நுண்ணிய பாலிமர் துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. சுவரில் பட்டதும் தண்ணீர் ஆவியாகத் தொடங்குகிறது. துளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, படலமாகின்றன. இந்த ஒட்டல் பாதியில் இருக்கும்போது மேலே ரோலரை ஓட்டினால் அரைகுறைப் படலம் இழுபட்டுக் கீறும். முழுக்கக் காய்ந்த பிறகு பக்கத்துப் பட்டையை அடித்தால், இரண்டும் சேருகிற இடத்தில் மட்டும் பெயிண்ட் இரட்டைத் தடிமனாகி ஒரு கோடு நிற்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு ஒரே விதி வைத்திருக்கிறார்கள்: ஈரத்தோடு ஈரம் சேரணும்.

அவர் தொழில் பழகிய காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. அப்போது சுண்ணாம்புதான். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, துணியில் வடிகட்டி, சுவரில் ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றி, மஞ்சளிப்பு தெரியாமலிருக்கக் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். தாழை விழுதை நசுக்கி நாராக்கிய மட்டைதான் கருவி. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது அடித்த இடமும் அடிக்காத இடமும் ஒன்றுபோலத் தெரியும். காயக் காயத்தான் வெள்ளை ஏறும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிற சரக்கு அது. மெல்லிய பூச்சாக மூன்று தடவை மேலே மேலே அடிப்பதால், முதல் தடவையின் தடத்தை மூன்றாவது மூடிவிடும். பாதிச் சுவரில் மட்டையை வாளியில் போட்டுவிட்டுச் சோறு சாப்பிட்டு வரலாம். இன்று எமல்ஷனில் அப்படி எழுந்து போகிற பையனை மேஸ்திரி மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்.

ரோலரும் தண்ணீர்ப் பெயிண்டும் உலகத்துக்கு ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. 1940இல் கனடாவின் டொராண்டோவில் நார்மன் பிரேக்கி என்பவர் ஒரு ரோலரைச் செய்தார். அதை வைத்துச் சம்பாதிக்க அவருக்கு வாய்க்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் குரோக்ஸ்டன் ஆடம்ஸ் தன் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த நிறுவனம் 1941இல் கெம்டோன் என்ற பெயிண்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீரில் கரைத்து அடிக்கலாம், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்பதுதான் அதன் விளம்பரம். அதோடு சேர்த்து ஒரு ரோலரையும் விற்றார்கள். ஒரு மணி நேரத்தில் காய்கிற சரக்கைப் பிரஷால் பெரிய சுவரில் ஒட்டு தெரியாமல் இழுப்பது கடினம். ஆக, கெம்டோன் கொண்டுவந்த சிக்கலுக்குத் தீர்வும் அதே கடையில் கிடைத்தது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு ரோலர் வந்தது வெகு காலம் கழித்து. டிஸ்டம்பர் காலம் முழுக்க நாலு இன்ச், அஞ்சு இன்ச் பிரஷ்தான். ரோலரை முதலில் பார்த்த மூத்த பெயிண்டர்கள், கையில் வேலை தெரியாதவன் வைத்துக்கொள்ளும் கருவி என்று கேலி பேசினார்களாம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மோசமான பிரஷ்காரரின் குறை அடிக்கும்போதே கண்ணில் படும். மோசமான ரோலர்காரரின் குறை, எல்லாம் காய்ந்து, சாமான்கள் உள்ளே வந்து, சாயங்காலம் டியூப் லைட்டைப் போட்ட பிறகுதான் தெரியும்.

ரோலரை எடுக்குமுன் நடக்கிற வேலை நீளமானது. அது சுரண்டலில் தொடங்குகிறது. திருவதிகைக்காரருக்குச் சுரண்டுகிற கருவி புதிதா என்ன! அந்த ஊர் வீரட்டானத்தில்தான் திருநாவுக்கரசர் சைவத்துக்குத் திரும்பினார் என்கிறது பெரியபுராணம். அவர் கையில் இருப்பது ஆயுதமல்ல, புல் செதுக்குகிற உழவாரம். அவருடைய அக்கா திலகவதியார் விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்கி மெழுகியவர். மனம் மாறிய பல்லவ மன்னன் இதே ஊரில் குணபரவீச்சரம் என்ற கோயிலைக் கட்டியதாகவும் சேக்கிழார் சொல்கிறார். அந்த மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மகேந்திரவர்மனுடைய விருதுப் பெயர்களில் ஒன்று சித்திரகாரப்புலி. ஓவியரில் புலி என்று பெயர் வைத்துக்கொண்ட அரசனுக்குத் தொடர்புள்ள ஊரில் பெயிண்டராக இருப்பதில் மேஸ்திரிக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு. "ராசா சித்திரம் போட்டாரு, நாம செவுரு அடிக்கிறோம். ரெண்டு பேருக்கும் மொதல்ல செவுரு சரியா இருக்கணும்" என்பார்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன் அடிக்கச் சொல்லி யாராவது வந்தால், அவர் ஒரு கறுப்புத் துணியை எடுத்துச் சுவரில் அழுத்தித் தேய்ப்பார். துணி வெள்ளையானால் சுரண்டாமல் பெயிண்டைத் தொடமாட்டார். மாவாக உதிர்கிற பரப்பின் மேல் ஒட்டிய எமல்ஷன், அந்த மாவையும் இழுத்துக்கொண்டு ஓலை உரிவதுபோல உரிந்து வரும். சிதம்பரம் தேர் வீதிகளில் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு ஏறிய பழைய வீடுகளில், சுரண்டச் சுரண்டப் பச்சை, நீலம், காவி என்று அடுக்கடுக்காக வரும். அந்தச் சுவர்களைப் பற்றி மேஸ்திரிக்கு வேறொரு கருத்தும் இருக்கிறது: சுண்ணாம்புக் காரை பூசிய சுவருக்குச் சுண்ணாம்பையே அடிப்பது உத்தமம். நடராசர் கோயிலில் சிவகாமியம்மன் சன்னதி விதானத்திலுள்ள நாயக்கர் கால ஓவியங்களும் சுண்ணாம்புக் காரையின் மேல்தான் நிற்கின்றன. ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடுகிற சுவருக்குப் பிளாஸ்டிக் உறை போடுவானேன் என்பது அவர் கேள்வி. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. கழுவுகிற பெயிண்ட்தான் வேண்டும் என்பார்கள்.

சிமெண்ட் பூச்சுச் சுவர் என்றால் கதை வேறு. புதுப் பூச்சு குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். அதற்கு முன் அதிலுள்ள காரமும் ஈரமும் பெயிண்டைத் தின்றுவிடும். பிறகு பட்டி பார்ப்பது. வெள்ளைச் சிமெண்ட் புட்டியை இரண்டு கோட், இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், தகட்டால் இழுக்க வேண்டும். குழைத்த புட்டியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இறுகியதில் தண்ணீர் ஊற்றிக் கிளறுகிற ஆளை மேஸ்திரி சும்மா விடமாட்டார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். அந்தத் தூசு மூக்கில் ஏறாமலிருக்க முகத்தைச் சுற்றித் துண்டு கட்டுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். துண்டு போதாது, முகக்கவசம் போடுங்கள் என்று இப்போது பையன்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழைய எனாமல் அடித்த கதவு, சன்னல் என்றால் உலரத் தேய்க்கவே விடமாட்டார், தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலில் என்ன இருந்ததோ, அது தூசாகக் குழந்தை கையில் படவேண்டாம்.

பட்டி பார்த்த சுவரைச் சோதிக்க அவர் வைத்திருப்பது நீள ஒயரில் கட்டிய ஒரு பல்பு. அறையை இருட்டாக்கி, பல்பைச் சுவரை ஒட்டிப் பிடித்து நகர்த்துவார். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் காட்டும். பகலில் கண்ணாடி மாதிரி இருந்த சுவர் அப்போது உழுத வயலாக இருக்கும். பென்சிலால் வட்டம் போட்டு மறுபடி பட்டி. பிறகுதான் பிரைமர்.

இனி ரோலர். ஒன்பது இன்ச் கூண்டு, அதில் மாட்டுகிற உறை, உள்ளே கூடான கைப்பிடி. பணம் போட வேண்டியது உறையில். வழவழப்பான உட்சுவருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் ரோமமுள்ள மைக்ரோஃபைபர் உறை போதும். ரோமம் நீளமானால் பெயிண்டை அதிகம் குடிக்கும், சுவரில் சொரசொரப்பு ஏறும். ரொம்பக் குட்டையானால் நாலடி போவதற்குள் வறண்டுவிடும், மறுபடி மறுபடி முக்குவதிலேயே ஈரம் கைவிட்டுப் போகும். ஸ்பாஞ்சு உறை எமல்ஷனில் குமிழி போடும். அதைக் கதவு எனாமலுக்கு ஒதுக்கிவிடலாம். (எனாமல் என்றதும் ஒன்று. அதன் ஆல்கிட் ரெசினுக்கு வேண்டிய மூலப்பொருள்களில் பென்டாஎரித்ரிட்டாலும் ஒன்று. ஏசியன் பெயிண்ட்ஸ் அதற்கென அமைத்த பென்டா ஆலை கடலூரில்தான் இருந்தது. பெயிண்டர்களில் பலருக்கே தெரியாத உள்ளூர்ச் சங்கதி.)

புது உறையை அப்படியே பெயிண்டில் முக்கினால் சுவரெல்லாம் நூல் ஒட்டும். அதனால் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டி உரித்தெடுப்பார், உதிரி ரோமமெல்லாம் டேப்போடு வந்துவிடும். அடுத்து உறையைத் தண்ணீரில் நனைத்து உதறிப் பிழிவார். வறண்ட உறை முதல் பெயிண்டைச் சீராகக் குடிக்காது. நாலு டப்பா வாங்கியிருந்தால் நாலையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிடுவார். ஒரே ஷேடு எண்தான் என்றாலும் கடை மெஷினில் டப்பா டப்பாவாகக் கலந்தது இம்மியளவு மாறியிருக்கும். சுவர் நடுவில் டப்பா மாறினால் சுவரே சொல்லிக் கொடுக்கும். தண்ணீர் சேர்க்கும் அளவு டப்பா மேலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படிப்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற மேஸ்திரிகள் உண்டு. இவர் படிப்பார். ரோலருக்குப் பிரஷைவிடக் கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொள்வார், தண்ணியாக இருந்தால் ஓட்டத்தில் தெறிக்கும்.

மேலே எட்டுவதற்குக் கைப்பிடியில் கோல் செருகுவார்கள். கடையில் நீட்டி மடக்குகிற அலுமினியக் கோல் கிடைக்கிறது. பண்ருட்டிப் பக்கத்துப் பையன்கள் வீட்டிலிருக்கிற தொரட்டிக்கோலின் கொக்கியைக் கழற்றிவிட்டு ரோலரைச் செருகிவிடுவார்கள். பலா, முந்திரி பறித்த கையாதலால் அண்ணாந்து வேலை செய்வது அவர்களுக்குப் பாரமில்லை. ஏணியில் ஏறி இறங்குகிற நேரமும் மிச்சம். அந்த நேரமெல்லாம் ஈரத்தின் கணக்கில் சேருகிறது.

முதலில் மேற்கூரை, பிறகு சுவர். ரோலர் போகாத மூலை, கூரை ஓரம், சுவிட்ச் பலகையைச் சுற்றி எல்லாம் பிரஷால் கட்டிங் அடிக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். காலையிலேயே நாலு சுவருக்கும் கட்டிங் முடித்துவிட்டு மத்தியானம் ரோலரை எடுப்பார்கள். அதற்குள் ஓரமெல்லாம் காய்ந்து, பிரஷ் தடம் தனியாக நின்று, ஒவ்வொரு சுவருக்கும் சட்டம் போட்ட மாதிரி ஆகிவிடும். மேஸ்திரி ஒரு சுவருக்கு இரண்டு ஆள் வைப்பார். ஒருவர் கட்டிங் அடித்துக்கொண்டு முன்னால் போக, மற்றவர் அது காயுமுன் ரோலரோடு பின்னால் வருவார், முடிந்தவரை ஓரத்துக்கு நெருங்கி உருட்டிப் பிரஷ் தடத்தை அழித்துக்கொண்டே.

உருட்டுவதில் அவர் பிடிவாதங்கள் சில. இரண்டு மூன்றடி அகலத்துக்கு, கூரையிலிருந்து தரை வரை ஒரு பட்டை. பெயிண்டில் முக்கியெடுத்த ரோலரை ஓரத்தில் வைக்காமல் ஓரடி தள்ளி வைத்து, கோணல்மாணலாக மேலும் கீழும் இழுத்துப் பெயிண்டைப் பரப்புவார். பரப்பியபின் முக்காமலே, எடையே இல்லாமல், மேலிருந்து கீழே ஒரே திசையில் ஓர் ஓட்டம். உடனே அடுத்த பட்டை, முந்தையதன் ஈர ஓரத்தில் ஏறி. ரோலர் வறண்டால் அழுத்திப் பிழிய வேண்டும் என்று கை துடிக்கும். அழுத்தினால் உறையின் இரண்டு முனையிலும் பெயிண்ட் பிதுங்கிக் கயிறு போல் கோடு விழும். கூண்டில் கம்பி வந்து சேருகிற பக்கம் எப்போதும் அழுத்தம் கூடுதல். அதனால் கம்பியில்லாத திறந்த முனை, அடித்து முடித்த பக்கம் பார்த்திருக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தாலும் புதுப் பையனுக்குச் சட்டென்று பிடிபடாது; சுவரில் கயிறு விழுந்து, அதை மறுநாள் அவனே உப்புத்தாளால் தேய்க்கும்போது பிடிபடும்.

பண்ருட்டியிலிருந்து கடலூர் 25 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரே பெயிண்ட் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி காயாது. கத்திரி வெயிலில் பண்ருட்டிச் சுவர் தொட்டால் சுடும். பெயிண்ட் ரோலரிலேயே காயப் பார்க்கும். அப்போது விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் மேற்குச் சுவரை முடிப்பார். சுவரை லேசாக நனைத்துத் துடைப்பதும் உண்டு. கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்து வீடுகளில் தலைகீழ். மத்தியானம் கடல்காற்று ஏறினால் பிசுபிசுப்பு, நாலு மணி நேரத்தில் இரண்டாம் கோட் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் தொட்டால் விரல் ஒட்டும். அங்கே மறுநாள்தான் இரண்டாம் கோட். உப்புக்காற்று படிகிற சுவரை முதலில் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட்டுத்தான் பிரைமர்.

இதில் வேடிக்கை, ஊரே பெயிண்ட் அடிக்க ஆசைப்படுகிற காலம் தீபாவளிக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற மாவட்டத்தில் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை சுவர் காய நாதியில்லை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சொந்தபந்தம் வருமுன் முடித்துக் கொடுங்கள் என்பார்கள், மார்கழிப் பனியில். மேஸ்திரிக்குப் பிடித்தது மாசி, பங்குனி. அப்போது அவரைக் கூப்பிட ஆள் குறைவு.

ஈரச் சுவரைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஓடு பறந்த வீடுகளில் உட்சுவர் மேலிருந்து கீழ்வரை நனைந்தது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீரோடு தென்பெண்ணை பெருகி கடலூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்தபோது, நனைந்தது கீழிருந்து மேலே. தண்ணீர் வடிந்ததும் கறையை மறைக்க உடனே பெயிண்ட் அடிக்கச் சொல்வார்கள். மேஸ்திரி ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, மறுநாள் வருகிறேன் என்று போய்விடுவார். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அதன் மேல் அடித்தால் பெயிண்ட் கொப்பளிக்கும், பின்னாலேயே உப்பு பூக்கும். "மாசம் ஆவட்டும்மா. அதுக்குள்ள அவசரம்னா சுண்ணாம்பு அடிச்சுத் தரேன்" என்பது அவர் வழக்கமான பேரம்.

கூலி முறை மாறியதும் ரோலரோடு சேர்ந்த கதை. முன்பு நாள் கூலி. இப்போது சதுரடிக் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் 440 சதுரடி. ஒரு கதவு, ஒரு சன்னல் போக 400 சொச்சம். நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 120 சதுரடி வரும். ஆக மூன்றரை லிட்டர், நாலு லிட்டர் டப்பா ஒன்று. இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அதே அறையை இரண்டரை லிட்டரில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், மிச்சம் ஒரு லிட்டருக்குப் பதில் எது சுவருக்குப் போயிருக்கும்? குழாய்த் தண்ணீர். சதுரடிக் கணக்கில் பட்டி பார்ப்பதற்கும் தேய்ப்பதற்கும் தனியாக அளந்து கொடுக்காவிட்டால், அந்த இரண்டும்தான் முதலில் சுருங்கும். ரோலரைத் திட்டுகிறவர்கள் திட்ட வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

வேலை முடிந்த ரோலரை அவர் பையன்களிடம் விடுவதில்லை. தகட்டால் உறையை அழுத்தி வழித்தால் அதிலிருக்கிற பெயிண்ட் கணிசமாக வாளிக்குத் திரும்பும். பிறகு வெள்ளைத் தண்ணீர் நிற்கிறவரை அலசி, பிழிந்து, ரோமம் நசுங்காமல் நிற்க வைத்துக் காயவைப்பார். மறுநாளும் அதே நிறம் என்றால் அலசமாட்டார், பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் சுற்றி வைத்துவிடுவார். மிஞ்சிய பெயிண்டைச் சின்ன டப்பாவில் ஊற்றி, மூடி மேல் ஷேடு எண், எந்த அறை, எந்த மாதம் என்று எழுதி வீட்டுக்கார அம்மாவிடம் கொடுக்கும்போது கூடவே நாலு இன்ச் குட்டி ரோலர் ஒன்றையும் கொடுப்பார். பிள்ளைகள் கிரேயானில் கிறுக்கியதை மறைக்கப் பிரஷை எடுக்காதீர்கள், ரோலர் அடித்த சுவரில் பிரஷ் போட்டால் அந்த இடம் மட்டும் வழவழவென்று தனியாகத் தெரியும் என்பார். "அப்ப நானே அடிச்சிக்கலாமா மேஸ்திரி?" என்று அந்த அம்மா கேட்டால், "தாராளமா அடிங்கம்மா, ஃபேனை மட்டும் நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு மிச்சக் கூலியைக் கேட்பார்.